ஆறுதலாய் ஒரு பிரயாணம்

எங்கள் மகள் வாழும் மேற்கு நாட்டுக்குச் சென்றுவர என் துணைவியும் நானும் இரு தடவை விண்ணப்பித்தோம். இரு தடவையும் மறுத்துவிட்டார்கள். ஓய்வூதியம் பெறும் இரண்டு ஆசிரியர்கள், சொந்த வீடும் பத்துப் பரப்புத் தோட்டக் காணியும் உள்ளவர்கள், குறித்த காலத்தில் ஊர் திரும்புவார்கள் என்று நம்புவதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். முப்பத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளின் விடைத்தாள்களில் பிழை போட்டுத் திருப்பிக் கொடுத்தவன் நான். என் தாளும் அவ்விதம் திரும்பி வந்தபோது எழுந்த ஆத்திரத்தில் சற்று நகைப்பும் கலந்திருந்தது.

"நீங்கள் இங்கு வரமுடியாவிட்டால், இரு பகுதியாரும் போகக்கூடிய ஓரிடத்தில் சந்திப்போம்" என்று மகள் எழுதினாள். அப்படித் தேடியபோது அகப்பட்டதுதான் வியட்நாம். 2023 ஓகஸ்ட் 15 முதல் அந்நாட்டு அரசாங்கம், எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கும் பேதமின்றி 90 நாள் நுழைவு அனுமதியை மின்வழியே வழங்கத் தொடங்கியிருந்தது. கட்டணம் 25 டொலர். வங்கிக் கணக்கைக் காட்டு, காணி உறுதியைக் காட்டு என்று எவரும் கேட்கவில்லை. மகளுக்குக் கிடைத்த விடுமுறையோ 12 நாள் மாத்திரம். விமானச் சீட்டுக்குப் போகும் பணத்துக்கு 12 நாள் கட்டுபடியாகாது, தந்த 90 நாளும் இருந்துவிட்டே வருவோம் என்று முடிவு செய்தவள் என் துணைவி. அவள் பூமிசாத்திரம் கற்பித்தவள். தேசப்படத்தை விரித்து ஹனோய், ஹுவே, சைகோன் என மூன்றே மூன்று இடங்களில் பென்சிலால் வட்டமிட்டாள். செலவு பெரும்பாலும் மகளுடையது என்பதை மறைப்பதற்கில்லை. 2022 இல் ரூபா சரிந்த பின்னர் எங்கள் ஓய்வூதியம் இரண்டும் சேர்ந்து வீட்டுச் செலவையே தாண்டுவதில்லை.

இவ்விதம் ஓரிடத்தில் வாரக்கணக்கில் தங்கி, சந்தையில் வாங்கித் தாமே சமைத்து, அயலாரோடு பழகிப் பின் அடுத்த இடத்துக்குச் செல்வதற்கு மேற்கிலே பெயரும் தத்துவமும் உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன். 1986 இல் ரோம் நகரில் அமெரிக்கத் துரித உணவுக் கடையொன்று திறக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியும், 1989 இல் பாரிஸ் நகரில் 'மெது உணவு' இயக்கத்தார் வெளியிட்ட சாசனமும் இதற்கு ஊற்று என்பர். அவ்வியக்கத்தை முன்னின்று நடத்திய கார்லோ பெட்ரினி இடதுசாரிப் பத்திரிகைகளில் எழுதிவந்தவர் என்பது நம்மவர்க்கு உவப்பான செய்தியாகலாம். ஆனால், மெதுவாகப் போவதற்கு எங்கள் ஊரில் எவரும் சாசனம் எழுதவேண்டியிருக்கவில்லை. தொண்ணூறுகளின் முற்பகுதியில் இரவிருட்டில் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து, வவுனியாவில் நாட்கணக்காகக் காத்திருந்து, ஒரு வாரத்தில் கொழும்பைக் கண்டவர்கள் நாங்கள். 'அவசரமில்லாமல்' என்பதற்கு யாழ்ப்பாணத்தார் 'ஆறுதலாக' என்போம். அந்த வகையில் இதுவே எங்கள் வாழ்வின் முதல் ஆறுதலான பிரயாணம்.

வியட்நாம் என்ற பெயரோ எங்களுக்குப் புதியதன்று. பள்ளி மாணவனாக இருந்தபோது அந்தப் பெயரைத் தாரினால் மதில்களில் எழுதியவன் நான். 1969 செப்டெம்பரில் ஹோ சி மின் காலமானபோது எங்கள் ஊர் வாசிகசாலையில் கறுப்புக்கொடி ஏற்றிய நாலைந்து பேரில் நானும் ஒருவன். அமெரிக்க ஏகாதிபத்தியத்தையும் அதன் கூலிப்படைகளையும் எதிர்த்து நாங்கள் எழுப்பிய கோஷங்கள் இன்றும் எனக்கு மனப்பாடம். அந்த யுத்தம் அநீதியான யுத்தம் என்பதிலே எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்; பின்னால் எழுதப்போவதைப் படித்துவிட்டுக் கிழவன் கட்சி மாறிவிட்டான் என்று எவரும் எண்ணவேண்டாம்.

2023 டிசெம்பர் 12 ஆம் திகதி ஹனோய் நகரில் இறங்கினோம். எங்கள் ஐந்து வயதுப் பேரனை நான் முதன்முதலாகத் தூக்கிய இடம் நொய் பாய் விமான நிலையத்தின் வாயில். அந்தப் பன்னிரண்டு நாளையும் பற்றி எழுதப் போவதில்லை. பிள்ளைகளைப் பிரிந்திருக்கும் பெற்றோர் நம்மில் அநேகர், அவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

மகள் போனபின் நாங்கள் குடியேறியது ஒரு கூட்டுக் குடியிருப்பின் நாலாம் மாடியில். அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை, சோவியத் முறையைத் தழுவித் தொழிலாளருக்கும் அரசாங்க ஊழியருக்குமாக ஹனோய் நகரெங்கும் இத்தகைய குடியிருப்புகளைக் கட்டினார்கள். அறைகள் சிறியவை, குடும்பங்கள் பெருகியபோது மாடி முகப்புகளுக்கு வெளியே இரும்புக் கம்பியால் கூடுகள் அமைத்து இடத்தை நீட்டிக்கொண்டார்கள். அவற்றுக்குப் 'புலிக்கூடு' என்று அவர்களே பட்டம் சூட்டியிருக்கிறார்கள். எங்கள் புலிக்கூட்டில் ஓர் அடுப்பும், உடுப்பு உலர்த்தும் கொடியும், ஒரு மிளகாய்ச் செடியும் இருந்தன. தொழிலாளருக்கென எழுந்த வீட்டிலே நாமும் குடியிருக்கிறோம் என்ற பூரிப்பு எனக்கு ஒரு வாரம் வரை நீடித்தது. வீட்டுச் சொந்தக்காரி, இளைப்பாறிய தாதி, எங்களிடம் வாங்கும் வாடகைக்காகத் தன் வீட்டை ஒழித்துத் தந்துவிட்டு, மகள் வீட்டு முன்னறையில் பாய் விரித்துப் படுக்கிறாள் என்பதை எட்டாம் நாள் என் துணைவி அறிந்துவந்து சொன்னாள். அவளுடைய மருமகன் பச்சைச் சட்டை அணிந்து மோட்டார்ச் சைக்கிளில் உணவுப் பொதி சுமப்பவன். ஒரு பொதிக்கு இவ்வளவு என்று கூலி. சுணங்கினால் அடுத்த பொதி அவனுக்குக் கிடையாது. அந்தக் கட்டடத்தில் மெதுவாக நடப்பவர்கள் நாங்களும், மடிக்கணினியோடு மாதக்கணக்கில் தங்கியிருந்த சில ஐரோப்பிய இளைஞர்களுமே. மற்ற எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். மெதுப் பிரயாணத்தின் தத்துவாசிரியர்கள் இந்த ஓட்டத்தையும் தங்கள் கணக்கிலே சேர்ப்பார்களா என்பது எனக்கு விளங்கவில்லை.

வாசலில் நடைபாதையோரம் குட்டிப் பிளாஸ்டிக் முக்காலிகளைப் பரப்பி ஒரு பெண் தேநீர் விற்றாள். அங்கேதான் எங்கள் பாடசாலை. வியட்நாமியர் அன்றாடப் பேச்சில் 'நான்', 'நீ' என்று சொல்வது அரிது. தம்மையும் எதிரிலிருப்பவரையும் உறவுப் பெயராலேயே சுட்டுவார்கள்: அண்ணன், அக்கா, தம்பி, மாமா, பாட்டி. ஆகையால் முதற் சந்திப்பிலேயே வயதைக் கேட்கிறார்கள். வயது தெரியாவிட்டால் வாக்கியத்தைத் தொடங்கவே வழியில்லை. முன்பின் அறியாதவரையும் அண்ணை என்றும் அக்கா என்றும் விளிக்கும் எங்களுக்கு இது ஆச்சரியமன்று, ஆனந்தம். தேநீர்க்காரி என் துணைவியை 'சி' என்றாள், அக்கா என்று அர்த்தம். ஆறு தொனிகளுள்ள மொழியில் ஐந்து தொனிகளைப் பிழையாக ஒலித்து நான் அவளைத் தினமும் சிரிக்கவைத்தேன்.

வயதுக்கு அடுத்த கேள்வி பிள்ளைகள். அதற்கடுத்தது சகோதரர். கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்பு உதவியோடு, எத்தனை பேர் கூடப்பிறந்தீர்கள் என்று அவள் கேட்டபோது, என் துணைவி சற்றும் தயங்காமல், "ஒருத்தருமில்லை" என்றாள். எனக்குத் தேநீர் தொண்டையில் நின்றது. நாலு மாடி ஏறும் வரையில் நான் அதைப்பற்றிப் பேசவில்லை. ஏறியபின்னும் பேசவில்லை.

ஜனவரி நடுப்பகுதியில் ஹனோய் நிலையத்தில் ஹுவே நகருக்கு ரயில் ஏறினோம். ஹனோய் தொடக்கம் சைகோன் வரை 1726 கிலோ மீற்றர் நீளமுள்ள அந்த ஒற்றைப் பாதையைப் பிரெஞ்சுக்காரர் கட்டிமுடித்தது 1936 இல். 1954 இல் ஜெனீவா ஒப்பந்தத்தோடு நாடு இரண்டாகப் பாதையும் இரண்டாயிற்று. 1975 ஏப்ரிலில் யுத்தம் முடிந்தது. 1334 பாலங்களையும், 27 சுரங்கங்களையும், 158 நிலையங்களையும் செப்பனிட்டு, 1976 டிசெம்பர் 31 ஆம் நாள் மீண்டும் வண்டியை ஓடவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் அறுந்துகிடந்த பாதையை இருபது மாதத்தில் பொருத்திவிட்டார்கள்.

யாழ்தேவியில் ஏறிப் படிக்கப்போன தலைமுறையைச் சேர்ந்த எவனும் இந்தக் கணக்கைச் சும்மா வாசித்துவிட்டுப் போகமுடியாது. எங்கள் பாதை 1990 இல் அறுந்தது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. எங்கள் வளவில் நாங்கள் வெட்டிய குழிக்கு மேலேயும் சிலிப்பர் கட்டைகள் நாலு கிடந்தன; எங்கிருந்து வந்தன என்று கேட்டால் எனக்கும் வெட்கந்தான். 2009 இல் யுத்தம் ஓய்ந்து, 2014 ஒக்டோபர் 13 ஆம் நாள் மறுபடி யாழ்ப்பாணத்துக்கு வண்டி வந்தபோது, என் மாணவர்களில் பலர் தம் பிள்ளைகளோடு வந்து முதன்முறையாக ரயிலைப் பார்த்தார்கள். வியட்நாமியர் தம் கையாலேயே பாதையைக் கட்டினார்கள். எங்களுடையதை இந்தியக் கடனில் இந்திய நிறுவனம் கட்டித் தந்தது. இந்த வித்தியாசத்தை அந்த இரவு முழுவதும் நான் என் துணைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கீழ்த் தட்டில் முகத்தை மூடிப் படுத்திருந்து, "பாதை பொருந்தினால் போதுமோ?" என்று மட்டும் கேட்டாள்.

ஹுவே மழை நகரம். ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அங்கே மழை பெய்வதில்லை, கசிகிறது. நறுமண ஆறு எனப்படும் ஆற்றின் தென்கரையில், ஓர் ஒழுங்கைக்குள் மூன்று மாடி வீடொன்றின் நடுமாடியை ஏழு வாரத்துக்கு எடுத்தோம். வீட்டுக்காரி எழுபத்தைந்து வயது மூதாட்டி. ஆங்கிலம் படிக்கும் அவளது பேரன் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளன். அமாவாசை கழிந்த முதல்நாளும் பறுவத்திலும் அவள் மச்சம் மாமிசம் தொடமாட்டாள். வெள்ளிக்கிழமைகளில் என் துணைவியும் அவ்வாறே என்று அறிந்த நாள்முதல் இரு பெண்களுக்குமிடையே பாஷை ஒரு தடையாக இருக்கவில்லை. சந்தைக்குச் சேர்ந்து போனார்கள். பலாக்கொட்டையை எப்படிச் சமைப்பது என்பதில் பிணங்கி, இரண்டு விதமாகவும் சமைத்து எனக்கு ஊட்டினார்கள். அங்கும் அந்தக் கேள்வி வந்தது. அங்கும் "ஒருத்தருமில்லை" என்றாள்.

மூன்றாம் வாரம் வடக்கே பஸ்ஸில் சென்று பென் ஹாய் ஆற்றைப் பார்த்தோம். நாட்டைப் பிளந்த எல்லையாக இருந்த ஆறு அது. அதன்மேலுள்ள ஹியன் லுவோங் பாலத்தின் இரு பாதிகளுக்கும் இன்றும் வெவ்வேறு நிறம். அக்காலத்தில் தெற்கு தன் பாதிக்கு வேறு நிறம் பூசினால், பாலம் ஒன்றே எனக் காட்ட வடக்கும் தன் பாதிக்கு அதே நிறத்தைப் பூசுமாம். உடனே தெற்கு மறுநிறம் தேடுமாம். எனக்கு முகமாலைச் சோதனைச்சாவடி நினைவுக்கு வந்தது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது அதற்கப்பால் அகப்பட்ட எங்கள் சக ஆசிரியர் இருவர் வீடு திரும்ப மூன்று வருஷங்களாயின. பாலத்தின் நடுவே நின்று, இரண்டு நிறங்களிலும் ஒவ்வொரு காலை வைத்து நான் படம் எடுத்துக்கொண்டேன். என் துணைவி வரமறுத்துவிட்டாள்.

அவ்வாண்டு 'தெத்' எனும் அவர்களது புத்தாண்டு பெப்ரவரி 10 ஆம் நாள். அது கழிந்து இரண்டு வாரத்தில் ஒரு மாலை பேரன் வந்து, நாளை எங்கள் வீட்டில் 'ஸோ', நீங்கள் இருவரும் மேல்மாடிக்கு வந்து உண்ணவேண்டும் என்றான். ஸோ என்பது இறந்தவர் நினைவுநாள். சந்திரக் கணக்கில் ஆண்டுதோறும் வருவது. எங்கள் திவசந்தான். 1968 தெத் காலத்தில் விடுதலைப் படையினர் நகரைக் கைப்பற்ற, அமெரிக்கரும் சைகோன் படையும் மீட்க, ஏறக்குறைய ஒரு மாதம் வீட்டுக்கு வீடு சண்டை நடந்த நகரம் ஹுவே. சனங்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். குண்டால் மாண்டவர்கள் மட்டுமல்லர். நகரைப் பிடித்தவர்கள் கொண்டுபோய்க் கொன்று புதைத்தவர்களும் அவர்களுள் அடக்கம். இதை எங்கள் வாசிகசாலையில் எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிரியின் பிரசாரம் என்றிருப்போம். தெத் முடிந்த முதல் மாதத்தில் அந்த ஒழுங்கையில் மாத்திரம் ஐந்து வீடுகளில் ஸோ நடந்தது.

ஐந்து வாரமாக அந்த வீட்டில் இருந்தும் நாங்கள் மேல்மாடிக்கு ஏறியதில்லை. பூசைப்பீடம் அங்கேதான் இருந்தது. தாய் தகப்பன் படங்களுக்குக் கீழே இரண்டு வாலிபர்களின் படங்கள். ஒரே சட்டத்தின் அளவு, ஒரே நெற்றி. இடப்புறத்தவன் மூத்த அண்ணன். 1954 இல், இருபது வயதில், வடக்கே போனவன். இரண்டு வருஷத்தில் தேர்தல், பின் நாடு ஒன்று, வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனானாம். அந்தத் தேர்தல் நடக்கவேயில்லை. போராளியாகத் தெற்கே திரும்பிவந்து மலைக்காட்டில் எங்கோ மடிந்தான். நாளும் தெரியாது, இடமும் தெரியாது. செய்தியே 1975 இன் பின்தான் வந்தது. வலப்புறத்தவன் இளைய அண்ணன். சைகோன் அரசு கட்டாயமாகப் பிடித்துச் சீருடை மாட்டிய இருபது வயதுப் பையன். தெத் விடுமுறைக்கு வீடு வந்திருந்தபோது, 1968 இல், இந்த ஒழுங்கை முகப்பிலே சுடப்பட்டான்.

சுவரில் செந்நிறமும் பொன்னிறமுமாக ஒரு சான்றிதழ் தொங்கியது. நாட்டுக்காக உயிர் நீத்தவனின் பணியைத் தாயகம் பொறித்து வைக்கிறது என்பது அதன் வாசகம். மூத்தவனுக்கு உரியது. அரசாங்கம் ஆண்டுதோறும் ஜூலை 27 ஆம் நாள் தியாகிகளின் குடும்பங்களைக் கௌரவிக்கும்போது அந்த வீட்டுக்கும் வருவார்கள். இளையவனுக்குச் சான்றிதழ் இல்லை. அவன் பெயர் எந்தத் தூணிலும் இல்லை. மூத்தவன் இறந்த நாள் தெரியாமையால், அவர்களுடைய தாய் இளையவனின் நாளிலேயே அவனுக்கும் சேர்த்துப் படைக்கத் தொடங்கினாளாம். அவளுக்குப்பின் மகள் படைக்கிறாள். ஒரு தட்டுச் சோறு, இரண்டு கிண்ணம். எரிப்பதற்குக் கடதாசியில் செய்த இரண்டு சோடி உடுப்பு, இரண்டும் ஒரே அளவு.

"கூலிப்படை" என்று தெருத்தெருவாக நான் கத்திய சொல்லின் முகம் அந்த வலப்புறப் படம். காது சற்று விரிந்த, சவரக்கத்தி படாத முகம். நான் கத்திய காலத்தில் அவன் இறந்து ஒன்றிரண்டு வருஷங்களே ஆகியிருக்கும்.

ஊதுபத்தி எரிந்து முடியும்வரை எல்லோரும் காத்திருந்தோம். அப்போது என் துணைவி பேரனை அருகே அழைத்தாள். "அம்மம்மாவிட்டைச் சொல்லும், நான் முந்திச் சொன்னது பொய். எனக்கும் ஒரு தம்பி" என்றாள்.

இதைப் படிக்கும் யாழ்ப்பாணத்தாருக்கு அதிகம் விளக்கவேண்டியதில்லை. 1986 இல், தான் சேர்ந்திருந்த இயக்கத்தை இன்னோர் இயக்கம் தடைசெய்த நாட்களில், வாசிகசாலைச் சந்தியில் வைத்துக் கொல்லப்பட்டவன் அவன். வயது இருபத்தொன்று. உடலை எடுக்கவும் எவரையும் விடவில்லை. கொன்றவர்கள் பின்னர் எங்கள் ஊரை ஆண்டார்கள். அழுவதற்கும் அக்கம்பக்கம் பார்க்கவேண்டியிருந்தது. மாவீரர் பட்டியலில் அவன் பெயர் இல்லை. 2009 இன் பின் அரசாங்கம் துயிலும் இல்லங்களை இடித்து உழுதபோது, உழுவதற்கு அவனுக்கு ஒரு கல்லும் இருக்கவில்லை. அவனுடைய ஒரே படம் என் துணைவியின் பழைய தேசப்படப் புத்தகத்தில், தென்னமெரிக்கப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் மகளுக்கே அவள் அதைக் காட்டியதில்லை. நானும், கல்யாணமாகி நாற்பது வருஷத்தில், அந்தப் பெயரைச் சொல்லி அவளோடு பத்துத் தடவைக்கு மேல் பேசியிருப்பேனோ தெரியாது. ஏகாதிபத்தியத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடியவன் நான்.

பேரன் சொல்லச் சொல்ல மூதாட்டி தலையசைத்துக் கேட்டாள். எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை. "நாள் எது?" என்றுதான் கேட்டாள். என் துணைவி சித்திரை மாதம் என்றாள், தேதியையும் சொன்னாள். அது சூரியக் கணக்கு, சந்திரக் கணக்கில் எந்நாள் என்று மூதாட்டி திரும்பவும் கேட்டாள். என் துணைவிக்குப் பதில் தெரியவில்லை. மூதாட்டி இன்னுமொரு கிண்ணமும் ஒரு சோடி குச்சியும் எடுத்துவந்து மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தாள். பிறகு அயலவர்கள் வந்தார்கள், சாப்பிட்டோம், பாட்டும் சிரிப்புமாக மத்தியானம் கழிந்தது.

மார்ச் 3 ஆம் திகதி ஹுவேயிலிருந்து சைகோனுக்குப் புறப்பட்டோம். வண்டி ஹாய் வான் கணவாயில் ஊர்ந்து ஏறிற்று. இடப்புறம் கீழே கடல், வலப்புறம் நனைந்த மலை. அந்த வழியைக் காணவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டியிருந்தேன்.

"இஞ்சாருங்கோ" என்றாள் என் துணைவி. "எண்பத்தாறாம் ஆண்டுப் பஞ்சாங்கம் எங்கை எடுக்கலாம்?"

பழைய பஞ்சாங்கங்களைக் கட்டி வைத்திருக்கும் ஐயர் ஒருவர் எங்கள் ஊர்க் கோயிலடியில் இருந்தார். அவரைக் கண்டு நாலைந்து வருஷமாகிறது, இருக்கிறாரோ தெரியாது என்று சொன்னேன்.

"அவற்றை மேன் இருப்பான். போய்க் கேப்பம்" என்றாள்.